எந்த ஆண்டின் அசல்? ஒரு பழைய இராணுவ ஜீப்பும் அதன் சாமான்களும்

கோண்டாவிலில் பிரதான வீதியில் இருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கராஜ். தகரக் கொட்டிலுக்குக் கீழே, ரயர்கள் கழற்றப்பட்டு, நான்கு மரக்குற்றிகளில் ஒரு ஜீப் நிற்கிறது. பக்கத்து மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்று கனடாவில் இருந்து வந்த கடதாசிப் பெட்டி. அதற்குள் மெழுகுத் தாளில் சுற்றிய புதிய சாமான்கள் இருக்கின்றன. புதியவை என்றால் இதுவரை பாவிக்கப்படாதவை. அவற்றின் வயது எண்பது ஆண்டுகள். மற்றது மூடி துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒரு பித்தளை வால்வு, வளைந்த செப்புக் குழாய், செருப்பு ரப்பரில் வெட்டிய வாஷர்கள், கடைசல் பட்டறையில் செய்த இரண்டு காபரேற்றர் ஜெற்.

மெக்கானிக் ஐயாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. "சொந்தக்காரப் பெடியன் கனடாவில நிக்கிறான். தகப்பன்ர ஜீப். அசலாக்கித் தாங்கோ எண்டு கேட்டான். எந்த அசல் எண்டு நான் திருப்பிக் கேட்டன். அவனுக்கு விளங்கேல்லை" என்று சிரித்தார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அங்கே மூன்று தடவை போனேன். உலகம் முழுவதும் இரண்டாம் உலகப்போர்க் கால இராணுவ வாகனங்களைத் தேடி வாங்கித் திருத்துவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரத்திலும் காசிலும் பெரும்பகுதி அந்தக் காலத்துச் சாமானைத் தேடுவதிலேயே போகிறது. நமக்கு இராணுவ வாகனம் என்றால் வேறு ஞாபகம். ஜொங்காவின் இரைச்சலும் பவள் கவச வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தமும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, ஒலிவ் பச்சை வாகனத்தை ஆசையாகத் துடைத்து வைத்திருக்கும் ஒரு பொழுதுபோக்கு விசித்திரமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்தத் தேடலுக்குள் இருக்கும் முறை, நமது வீட்டுக் கொட்டில்களில் கிடக்கும் வேறு பொருட்களுக்கும் தேவையான முறை.

இரண்டு தொழிற்சாலைகளின் ஒரே வண்டி

ஜீப்பின் கதை 1940இல் தொடங்குகிறது. அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வாகனத்தைக் கேட்டபோது, பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பான்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாட்களுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் செய்யும் வசதி பான்டத்திடம் இருக்கவில்லை. பெரும் ஒப்பந்தங்கள் வில்லிஸ்-ஓவர்லாண்டுக்கும் போர்ட்டுக்கும் போயின. வில்லிஸ் செய்தது எம்பி. அதே வரைபடத்தில் போர்ட் செய்தது ஜிபிடபிள்யூ. கடைசியில் வரும் டபிள்யூ, வடிவமைப்பு வில்லிஸினுடையது என்பதைக் குறிக்கிறது. 1945 வரை இரண்டு நிறுவனங்களுமாகச் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

இரண்டின் சாமான்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே இராணுவத்தின் நிபந்தனை. போர்க்களத்தில் அது பெரும் வசதி. இன்று அசல் தேடுபவருக்கு அதுவே தலையிடி. ஏனென்றால் பொருந்தும் சாமான் எல்லாம் அந்த வண்டியில் பிறந்த சாமான் அல்ல.

அடையாளம் காண வழிகள் இருக்கின்றன. போர்ட் தான் செய்த பாகங்களில் தனது ஆங்கில எஃப் எழுத்தைப் பொறித்தது. பெரிய பாகங்களில் மட்டுமல்ல, போல்ட் தலைகளிலும் அந்த எழுத்து இருக்கும். ஆகவே போர்ட் ஜீப் ஒன்றை முற்றாகத் திருத்துபவர்கள் எஃப் போட்ட போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி வாங்குகிறார்கள். வண்டியின் முன்புறம் றேடியேற்றருக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டம் உருளைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் சேசிஸ். கவிழ்த்த தகர வாய்க்கால் போல இருந்தால் போர்ட். முன் கிரில்லும் காலத்தைச் சொல்லும். ஆரம்ப கால வில்லிஸ் ஜீப்புகளுக்கு இரும்புச் சட்டங்களை ஒட்டிச் செய்த கிரில் இருந்தது. தகரத்தை அழுத்தி ஒன்பது வெட்டுகளுடன் செய்யும் மலிவான முறையைப் போர்ட் கொண்டுவர, 1942இல் வில்லிஸும் அதற்கு மாறியது. ஏழு வெட்டுகள் இருந்தால் அது போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற சிஜே வகை. பெற்றோல் ஊற்றும் வாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது இன்னும் இலகு. போர்க்கால ஜீப்பில் அது சாரதியின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும். பின்னாளைய சிஜேயில் வெளியே பக்கவாட்டில் இருக்கும்.

ஐயா என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முன்னால் உருளைக் குழாய். "வில்லிஸ். சரியோ? இப்ப இஞ்சால வாங்கோ பிள்ளை." ஒயில் பில்டருக்கு அருகே எஞ்சின் இலக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஜிபிடபிள்யூ என்று தொடங்கியது. உடம்பு வில்லிஸ், இதயம் போர்ட்.

இது யாழ்ப்பாணத்தில் நடந்த கலப்பு என்று நினைத்துவிடக் கூடாது. போர் நடந்துகொண்டிருந்தபோதே பழுதான ஜீப்புகள் இராணுவப் பட்டறைகளுக்குப் போயின. அங்கே எஞ்சின்கள் ஒரு பக்கம், கியர்பெட்டிகள் ஒரு பக்கம், சேசிஸ்கள் ஒரு பக்கம் எனப் பிரிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. பிறகு எது முதலில் கைக்கு வந்ததோ அது பூட்டப்பட்டது. தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சினோடு இன்றும் இருக்கும் ஜீப் அரிதாகவே கிடைக்கும். 1944இல் ஒரு களத்தில் நின்ற வில்லிஸ் ஜீப்பில் போர்ட் எஞ்சின் இருந்திருந்தால், அந்த ஜீப்புக்கு எந்த எஞ்சின் அசல்? இதை முன்வைத்து ஆட்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

மெழுகுத் தாளுக்குள் இருப்பது

சாமான் தேடும் வழிகளில் எல்லோரும் கனவு காண்பது, போர்க்காலத்தில் செய்து பொதி செய்து ஒருபோதும் திறக்கப்படாத இருப்பு. இராணுவம் சாமான்களைத் தடித்த மசகு பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, சாமான் இலக்கமும் பொதி செய்த திகதியும் அச்சிட்டு அனுப்பியது. களஞ்சியங்களில் இருந்து ஏலத்தில் போன அப்படிப்பட்ட பொதிகள் இன்னும் எங்காவது ஒரு பழைய கொட்டிலில் இருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. தேடுவதற்கு உதவும் முதல் நூல் இராணுவத்தின் சாமான் பட்டியல். ஜீப்புக்கு உரிய பட்டியலின் குறியீடு ஜி-503. ஒவ்வொரு வாஷருக்கும் அதில் இலக்கம் உண்டு. அந்தக் குறியீட்டைச் சொன்னால் போதும், உலகின் எந்த மூலையிலும் ஜீப் ஆட்களுக்கு விளங்கும்.

கனடாவில் இருந்து வந்த பெட்டியில் ஒரு கார்ட்டர் காபரேற்றர் இருந்தது. போர்க்கால ஜீப்புக்கு உரியது அதே வகைதான். மசகு உறைந்து தேன் நிறமாகியிருந்தது. ஐயா அதைப் பெற்றோலில் கழுவாமல் இரண்டு நாட்கள் அப்படியே வைத்திருந்தாராம். "கழுவினா அந்த மணம் போயிடும்" என்றார். நாற்பது வருடம் பழைய சாமானோடு மல்லுக்கட்டிய ஒருவருக்குத் திறக்காத சாமான் ஒன்று கையில் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும்.

திறக்காத இருப்புக் கிடைக்காவிட்டால், வேறு ஒரு பழுதான ஜீப்பில் இருந்து கழற்றுவது அடுத்த வழி. இங்கேதான் கவனம் தேவை. ஐரோப்பாவில் விற்கப்படும் பல ஜீப்புகள் பிரெஞ்சு இராணுவத்தின் ஊடாக வந்தவை. போருக்குப் பின் பிரான்ஸ் தன்னிடம் இருந்த அமெரிக்க ஜீப்புகளைப் பெரும் பட்டறைகளில் மீண்டும் மீண்டும் புதுப்பித்தது. ஹொட்ச்கிஸ் நிறுவனம் உரிமம் பெற்று எம்201 என்ற பெயரில் 1966 வரை அதே வடிவத்தில் ஜீப் செய்தது. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மின்சாரத்தைப் பார்த்தால் பிடிபடும். போர்க்கால ஜீப் 6 வோல்ட். பிற்கால ஹொட்ச்கிஸ் 24 வோல்ட்.

நமக்குக் கிட்டிய மூலம் இந்தியா. மஹிந்திரா 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பின்னர் சிஜே-3பி வகையைப் பல பத்தாண்டுகள் செய்தது. அந்த எஞ்சினின் கீழ்ப்பாதி போர்க்கால எஞ்சினின் வழிவந்தது என்பதால் சில உள்பாகங்கள் பொருந்தும். கியர்பெட்டி வேறு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் "வில்லிஸ் சாமான்" என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் இந்த வகைச் சாமானாகத்தான் இருக்கும். அதைப் பூட்டினால் வண்டி ஓடும். அசல் தேடுபவர் மட்டும் முகம் சுழிப்பார்.

கடைசி வழி பிரதி. பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகளில் இருந்து ஜீப்னி என்ற பொதுப் போக்குவரத்து வாகனமே பிறந்தது. அந்தத் தொழில் அறிவின் தொடர்ச்சியாக, மணிலாவில் இன்று போர்க்கால ஜீப்பின் முழு உடம்பையும் புதிதாகச் செய்து உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். டாஷ்போர்ட்டில் இருக்கும் உலோகத் தகடுகளும் புதிதாகக் கிடைக்கின்றன. இலக்கம் பொறிக்காத வெற்றுத் தகடாக வாங்கி, விரும்பிய இலக்கத்தையும் விநியோகத் திகதியையும் அடித்துக்கொள்ளலாம். ஆகவே பளபளக்கும் தகடு ஒன்றைக் காட்டி "1943ஆம் ஆண்டு வண்டி" என்று யாராவது சொன்னால், தகட்டை விட்டுவிட்டு சேசிஸில் இருக்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு நீண்ட காலம் மூடிக்கிடந்த நாடு இது. பழைய வண்டிகளின் விலை எகிறிய அந்த நாட்களில் பலர் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தார்கள்.

வர்ணத்தையும் சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்கள் பழைய வர்ணத்தை ஒரேயடியாகச் சுரண்டுவதில்லை. நனைத்த உப்புத்தாளால் ஒரு சிறு வட்டத்தை மெதுவாகத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு அடுக்கும் வெளிவரும். பொனற்றின் பக்கத்தில் சில வேளைகளில் இராணுவ இலக்கமே தெரியும். பிரித்தானிய இராணுவத்திடம் இருந்த ஜீப்புகளுக்கு எம் எழுத்தில் தொடங்கும் இலக்கம் எழுதப்பட்டது. இலங்கைக்கு வந்த ஜீப்புகள் அந்தக் காலத்தவை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பின் இத்தீவு பெரும் படைத்தளமானது. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. பலாலி விமானத்தளம் உருவானதும் அந்தப் போருக்காகத்தான். போர் முடிந்து படைகள் போனபோது வண்டிகளில் ஒரு பகுதி இங்கேயே விற்கப்பட்டு, மலையகத் தோட்டங்களில் துரைமாரின் வண்டிகளாயின.

கோண்டாவில் ஜீப்பும் அப்படித்தான் வந்தது. சொந்தக்காரரின் தகப்பன் அறுபதுகளில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாங்கியது. அதன் இலக்கத்தகடு இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது. அதாவது 1957இல் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன் பதிவான வண்டி. அந்த எழுத்துக்குத் தமிழர்கள் தார் பூசிய காலத்தில் இது மலையகத்தில் கொழுந்துச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கும்.

பட்டறையில் செய்ததும் அசல்தான்

ஐயாவின் கேள்விக்கு வருவோம். எந்த அசல்?

வெளிநாட்டில் பொருட்காட்சிகளுக்குப் போகும் போர்க்கால ஜீப்புகள் பலவற்றின் முன் பம்பரில் நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புக் கோண் சட்டத்தைப் பார்க்கலாம். அதன் நுனி முன்னோக்கி வளைந்திருக்கும். இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஜேர்மன் படைகள் வீதிக்குக் குறுக்கே கழுத்தளவில் கம்பி கட்டின. முன் கண்ணாடியை மடித்துக்கொண்டு வரும் ஜீப்பில் இருப்பவரின் தலை போய்விடும். அதற்கு மாற்றாகக் களப் பட்டறைகளில் கிடைத்த இரும்பை வெட்டிப் பற்றவைத்ததுதான் இந்தக் கம்பி வெட்டி. எந்தத் தொழிற்சாலையும் இதனை ஜீப்போடு சேர்த்துச் செய்யவில்லை. ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. ஆனால் இன்று நோர்மண்டி ஜீப் ஒன்றைத் திருத்துபவர் கம்பி வெட்டியை அளவெடுத்துச் செய்து பூட்டுகிறார். அது இருந்தால்தான் அந்த ஜீப் 1944இன் ஜீப்.

டாங்கிகளிலும் இப்படித்தான். நோர்மண்டியின் உயர்ந்த வேலி வரம்புகளை உடைக்க, கேர்டிஸ் கலின் என்ற அமெரிக்க சார்ஜன்ட் டாங்கியின் முன்புறம் இரும்புப் பற்களைப் பற்றவைக்கும் முறையைச் செய்து காட்டினார். கடற்கரையில் ஜேர்மனியர் நட்டிருந்த தடுப்புகளின் இரும்பே அதற்குப் பயன்பட்டது. எதிரியின் இரும்பு இன்று அந்த டாங்கியின் அசல் பாகமாகக் கருதப்படுகிறது.

அப்படியானால் 'அந்தக் காலத்துச் சாமான்' என்பதைத் தீர்மானிப்பது தொழிற்சாலை அல்ல, நாம் தெரிவு செய்யும் திகதி. நல்ல அருங்காட்சியகங்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்கின்றன. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளா, ஒரு சண்டையில் நின்ற நாளா, அல்லது இன்று நம் கைக்கு வந்திருக்கும் நிலையா? முதலாவதைத் தெரிந்தால் மற்ற இரண்டின் தடயங்களையும் கழற்றி எறிய வேண்டி வரும். எறிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

மண்ணெண்ணெய்க் காலம்

கோண்டாவில் ஜீப் இரண்டு போர்களைக் கண்டது. முதலாவதில் அது இராணுவ வாகனம். இரண்டாவதில் ஒரு குடும்பத்தின் வாகனம்.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. யாழ்ப்பாணத்து ஒஸ்டின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை இதை வாசிப்பவர்களில் பலருக்குத் தெரியும். இளையவர்களுக்காக ஐயா சொன்னபடி விளக்குகிறேன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினை அதில் இயக்க முடியாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால், காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்று அடுத்த நாள் வண்டி அசையாது. டின்னுக்குள் இருக்கும் பித்தளை வால்வின் வேலை அதுதான். வளைந்த செப்புக் குழாய், எரிபொருள் காபரேற்றருக்குப் போவதற்கு முன் அதைச் சைலன்சர் பக்கமாக ஓடவிட்டுச் சூடாக்குவதற்கு. ஜெற்றின் துளையையும் மாற்ற வேண்டி வந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகி பெயாரிங் தேயும். பிளக்கில் கரி பிடிக்கும். பெயாரிங் இல்லை, பிளக்கும் இல்லை. கிளாலிக் கடலால் வந்த யாரோ ஒருவரின் பையில் ஒளித்து ஒன்றிரண்டு வந்தால் உண்டு. அதனால் தேய்ந்ததைக் கடைசல் பட்டறைகளே செய்தன.

அந்தக் காலத்து ஜீப்பும் காரும் இதற்கெல்லாம் ஈடுகொடுத்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. போர்க்கால ஜீப் எஞ்சினில் அது ஆறரைக்குக் கிட்ட. எங்கும் கிடைக்கும் மோசமான பெற்றோலில் ஓட வேண்டும் என்று இராணுவத்துக்காகச் செய்தது, ஐம்பது வருடம் கழித்துத் தடைக்குள் இருந்த ஒரு ஊருக்கு உதவியது. புதிய ஜப்பான் கார்கள் மண்ணெண்ணெய்க்கு இந்த அளவு மசியவில்லை என்கிறார் ஐயா.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் எழும்பியபோது இந்த ஜீப்பும் தென்மராட்சிக்குப் போனது. "பெடியன்ர அம்மம்மா, அயல் வீட்டு ரெண்டு கிழவியள், ஒரு தையல் மெசின், ஆடு ஒண்டு. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சிட்டுது. ஓடினது எங்கை, உருட்டினதுதான். எஞ்சின் சூடு ஆறினா மண்ணெண்ணெயில நிண்டிடும் எண்டு நான் நிப்பாட்டவே இல்லை. போத்தலுக்குள்ள பெற்றோல் ஒரு விரல்கடை அளவுதான் இருந்தது." அப்போது சாரதி ஆசனத்தில் இருந்தது ஐயாதான். இதை அவர் எனக்கு மூன்றாவது தடவை போனபோதுதான் சொன்னார்.

பின் ஆசனத்துப் பக்கத் தகரத்தில் நீளமான ஒரு நெளிவு இருக்கிறது. தையல் மெசினின் கால் அழுத்தியது. கனடாவில் இருந்து வந்த அறிவுறுத்தல் பட்டியலில் அது 'தட்டி எடுக்க வேண்டியவை' என்பதற்குள் வருகிறது.

எறிவதற்கு முன்

கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் யாழ்ப்பாணத்துப் பழைய வாகனங்களைத் தேடி வருவோர் பல வருடங்களாகவே இருக்கிறார்கள். வாங்குபவர் தொழிற்சாலை நிலைக்குத் திருத்தவே விரும்புகிறார். அதில் பிழை இல்லை; காசு அவருடையது. கழற்றும் நாளில் மண்ணெண்ணெய் வால்வும் குழாயும் பட்டறை ஜெற்றும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. பொருளாதாரத் தடை பற்றி நம்மிடம் கவிதை இருக்கிறது, நினைவுக் குறிப்பு இருக்கிறது, தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் இருக்கிறது. அந்த நாட்களில் கையால் செய்த பொருள் எத்தனை இருக்கிறது?

வன்னியில் நடந்தது இன்னும் பெரிய இழப்பு. 2009இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் விட்டுவந்த சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், லொறி எல்லாம் வருடக்கணக்காகக் குவியல் குவியலாகக் கிடந்து, பின்னர் வெட்டிய இரும்பாகப் போயின. ஆனையிறவில் 1991 சண்டையில் அழிந்த கவசம் போட்ட புல்டோசர் ஏ-9 வீதியோரத்தில் இராணுவ நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதை யாரும் திருத்தி ஓடவைக்கவில்லை. உடைந்த நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். உடைந்த நிலைதான் சாட்சி என்பது அதை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சனங்களின் வாகனங்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இதை வாசித்துவிட்டு யாரும் காடுகளிலும் கைவிடப்பட்ட காணிகளிலும் கிடக்கும் போர்க்கால இரும்பைத் தேடிப் போக வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. வாகனச் சிதைவுக்குள்ளும் அதைச் சுற்றியும் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம். கண்டால் தொடாமல், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். நான் பேசுவது வீட்டுக் கொட்டிலில் பாதுகாப்பாக நிற்கும் வாகனத்தைப் பற்றி மட்டுமே.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, அதை விற்கவோ திருத்தவோ போகிறீர்கள் என்றால், ஜீப் ஆட்களின் ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன், சாமான் வண்டியில் பூட்டியிருக்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுக்கிறார்கள். கழற்றியதும் ஒரு பையில் போட்டு, எங்கே இருந்தது, எந்தப் பக்கம் மேலே என்று எழுதிக் கட்டுகிறார்கள். புதிய சாமான் பூட்டினாலும் பழையது அந்தப் பையிலேயே இருக்கும். வண்டியை விற்கும்போது பையும் கூடவே போகும். நமது விடயத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுத வேண்டும்: யார் செய்தது, எந்தப் பட்டறையில். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கைத்தொலைபேசியில் பத்து நிமிடம் அவர்களின் குரலைப் பதிந்தால், அது பையை விடப் பெறுமதியானது.

கனடாப் பெடியனோடு ஐயா பேசியபோது நானும் இருந்தேன். வீடியோ அழைப்பில் டின்னைத் திறந்து காட்டினார். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவருக்கு 1995இல் ஏழு வயதாம். "அந்த வால்வை அப்பா திருப்பிறது எனக்கு ஞாபகம் இருக்கு அங்கிள். சத்தம் மாறும்" என்றார். பிறகு அமெரிக்காவில் இருந்து வரவிருக்கும் ரயர்கள் பற்றிப் பேசினார்கள். ஜீப்பை 1944க்குத் திருத்துவதா வேண்டாமா என்று அன்று முடிவாகவில்லை. காபரேற்றரைப் பூட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னார்.

போன கிழமை ஐயாவிடம் கேட்டேன். பக்கத் தகரத்து நெளிவு தட்டப்படவில்லை. இரண்டு ஜெற்றில் ஒன்றின் புரி தேய்ந்திருக்கிறது. அதைப் போல இன்னொன்று செய்யப் பார்க்கிறாராம். செய்த கடைசல்காரர் இப்போது இல்லை, மெசினையும் மகன் விற்றுவிட்டான். கனடா காபரேற்றர் திரும்பவும் மெழுகுத் தாளுக்குள் இருக்கிறது. ஐயா வேணியர் அளவுகோலோடு ஜெற்றை வெளிச்சத்தில் பிடித்துத் துளையை அளந்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.